கண் கிளினிக் வாங்கில் இருந்தவர்

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத நினைத்தாலும் எந்தப் பெயரை எழுதுவது என்று யோசிக்க வேண்டும். எங்கள் மனநலக் கிளினிக் பதிவுப் புத்தகத்தில் பதினொரு வருடமாக அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊர் அக்கரைப்பற்று என்று இருந்தது. இரண்டும் பொய். அந்தப் பெயரைக் கூப்பிட்டால், பிறந்தபோது வாப்பா வைத்த பெயரே அதுதான் என்பதுபோல எழும்பி வருவார். ஒரு நாள்கூடத் தடுமாறியதில்லை.

நான் கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகசேவை உத்தியோகத்தர். சொந்த ஊர் காரைதீவு. கிளினிக்குக்கு வராமல் நின்றவர்களைத் தேடிப்போவது, குடும்பத்தாரோடு கதைப்பது, மிச்ச நேரமெல்லாம் படிவம் நிரப்புவது, இதுதான் என் வேலை. பென்சனுக்கு இன்னும் ஆறு வருடம் கிடக்கிறது. சில நாட்களில் அது அறுபது வருடம் போலத் தெரியும்.

எங்கள் கரையோரத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலை வருத்தத்துக்கு, அதாவது மனநோய்க்கு, யாரும் சொந்த ஊரில் மருந்து எடுக்கமாட்டார்கள். சாய்ந்தமருதுக்காரர் அக்கரைப்பற்றுக்குப் போவார். அக்கரைப்பற்றுக்காரர் எங்களிடம் வருவார். எங்களூர்க்காரர் மட்டக்களப்புக்கு விடியற்காலை பஸ் பிடிப்பார். எல்லோரும் ஒரே பஸ் வண்டிகளில் ஒருவரையொருவர் கடந்து போய்க்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்தால் போதும், சாச்சிக்கு, மாமிக்கு, ஒன்றுவிட்ட மாமாவுக்கு இருக்கிற வருத்தமெல்லாம் பூட்டி வைக்கப்படும். மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பார்கள் என்ற பயம்தான் காரணம்.

அவர் இவர்களைவிட ஒரு படி மேலே போனவர். சாய்ந்தமருதில் இருந்துகொண்டு, கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் கிளினிக்குக்கே வந்தார், அக்கரைப்பற்றுக்காரியாக. முதல் நாள் அவரின் உம்மா கூட்டிவந்தபோதே அப்படித்தான் பதிந்தார்கள். கிளினிக்கில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. உம்மா மௌத்தான பிறகு வீட்டில் அவருக்கு வருத்தம் இருப்பது தெரிந்தவர் எவருமில்லை. கணவர் கட்டாரில். குளிசைகளைத் தாளில் இருந்து உரித்துக் கல்சியம் போத்தலில் போட்டு வைத்திருந்தார். கிளினிக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோவதே இல்லை. அது என் மேசை லாச்சியில் கிடந்தது.

எங்கள் கிளினிக்குக்கு எதிரே கண் கிளினிக். அவர் எங்கள் பக்கத்து வாங்கில், அந்த நீள மர ஆசனத்தில், ஒருநாளும் இருந்ததில்லை. கண் கிளினிக் வாங்கின் ஓரத்தில் இருந்து, கைக்குட்டையால் ஒரு கண்ணை ஒற்றிக்கொண்டிருப்பார். இலக்கம் வந்ததும் தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல எழும்பி எங்கள் அறைக்குள் நழுவிவிடுவார். கொஞ்ச நாளில் மற்றவர்களும் அதைப் பழகிவிட்டார்கள். கண் கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸி ஒருநாள் கோபமாக வந்து நின்றார்.

“சேர், என்ட வாங்கில பாதிப்பேர் உங்கட ஆக்கள். கண்ணுக்கு வந்த ஆக்கள் நிலத்தில இரிக்காங்க. இத ஆர் தொடக்கி வெச்ச?”

தெரியாது என்று சொன்னேன். அவருக்காக நான் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் அக்கரைப்பற்று இல்லை என்று எனக்குத் தெரிந்தது ஒரு வெயில் நாளில். என் மோட்டார் சைக்கிள் கராஜில். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன். ஏறினால், முன் சீட்டில் அவர். என்னைக் கண்டார். கொண்டக்டர் வந்ததும், எனக்கும் கேட்கும்படி, “அக்கரைப்பற்று ஒண்டு” என்றார். பஸ் சாய்ந்தமருதைத் தாண்டியது. அவரின் வீட்டு ஒழுங்கையையும் தாண்டியிருக்கும், அப்போது எனக்குத் தெரியாது. நான் காரைதீவுச் சந்தியில் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றேன். குடித்து முடியவில்லை, தெற்கே இருந்து ஒரு குடை வந்துகொண்டிருந்தது. அடுத்த தரிப்பில் இறங்கி, கொதிக்கிற தாரில், திரும்பிச் சாய்ந்தமருதுப் பக்கம் நடந்து வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் குடையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு வந்தபோது, “அண்டைக்கு வெயில் கூட, சேர்” என்றார்.

“ஓம், சரியான வெயில்” என்றேன். அதற்கு மேல் அந்தக் கதையை நாங்கள் எடுத்ததில்லை.

இப்படி ஒளிப்பதைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்புகளில் நல்லதாக ஒன்றும் சொல்வதில்லை. களங்கம், விழிப்புணர்வு, வெளிப்படையாகப் பேசுதல் என்று சுவரொட்டி அடித்து ஒட்டுகிறோம். நானே ஒட்டியிருக்கிறேன். ஆனால் மருதமுனையில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள், கைத்தறிக் குடும்பம், கலியாணம் முடித்து ஒரு வருடம். இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுவிட்டாள். மாமி வீட்டு விருந்தில் தூங்கி விழுந்தாளாம், குளிசையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மலசலகூடத்துக்குள் போட்டுவிட்டாளாம். மூன்று மாதத்தில் திரும்பவும் வருத்தம் முற்றி எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். நான் கதைத்தேன், டொக்டர் கதைத்தார், தாளில் படம் கீறிக் காட்டினோம். எங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

வாட்டில் இருந்து போன பிறகு அவள் ஒரு கிளினிக்கையும் விடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“அந்தக் கண் வாங்கு ராத்தாதான், சேர்.”

அந்த அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

“ஒண்டும் பெரிசாச் சொல்லல்ல. ‘கை நடுங்கினா தேத்தண்ணிக் கோப்பைய ரெண்டு கையாலயும் பிடிகா, குளிருது எண்டு சொல்லு. நித்திர வந்தா நேரத்தோட இஷாத் தொழுதிட்டுப் படு, தொழுற புள்ள எண்டு மாமி சந்தோசப்படுவா. நோம்பு வந்தா நீயா நிப்பாட்டாத, டொக்டரிட்டக் கேளு, சஹருக்கும் நோம்பு திறக்கவும் மாத்தித் தருவார்’ எண்டா. பொறகு, ‘எனக்கும் இரிக்கு புள்ள, பதினொரு வருசம், பாரு என்னய’ எண்டா. நான் பார்த்தன். கண்ணுக்கு வந்த ஆள் மாதிரித்தான் இரிந்தா.”

பிறகு விசாரித்துப் பார்த்தேன். அந்த வாங்கில் இருந்த எத்தனையோ பேர் எங்கள் புண்ணியத்தில் அல்லாமல் அவரின் புண்ணியத்தில் மருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒளிக்கக் கற்றுக்கொடுத்தார், ஒளிக்கத் தெரிந்ததால் அவர்கள் குடித்தார்கள். என்னுடைய சுவரொட்டிகளை நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது.

அந்த நேரத்தில்தான் அந்த வேலை வந்தது. ஒரு திட்டத்தின் கீழ், வருத்தத்தில் இருந்து மீண்ட ஒருவரைச் சம்பளத்துக்கு எடுத்து, மற்ற வருத்தக்காரருக்குத் துணையாக வைப்பார்கள். சக ஆதரவாளர் என்று பெயர். படிப்புத் தேவையில்லை. வருத்தம் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அறிவித்தலைப் படித்தபோது எனக்கு வேறு முகம் நினைவில் வரவில்லை.

“சேர், நான் ஒளிக்கத் தெரிஞ்சவ” என்றார் அவர். “நீங்க காட்டத் தெரிஞ்ச ஆளல்லவா தேடுறீங்க.”

“நேர்முகத்தில மூண்டு பேர்தான். டொக்டர் புதுசு, அந்தக் கிழமைதான் வந்து சேருவார், உங்களத் தெரியா. கொழும்பில இருந்து ஒரு மேடம். மற்றது நான். கிளாக்கர் ஒருத்தர் எழுதுவார், அவர் நாவிதன்வெளிப் பக்கம். உங்கட ஊர் ஆக்கள் ஒருத்தரும் இல்ல. அது என்ட பொறுப்பு.”

இரண்டு மாதம் அவரை விடவில்லை. அவருக்கும் ஆசை இருந்தது, அதை மறைக்க மட்டும் அவருக்குத் தெரியவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு மகளின் பெயருக்குப் போகும். பெண்ணின் உம்மா அந்த வீட்டுக் குசினியில் ஒரு ஓரமாக ஆகிவிடுவார்.

“காலையில உடுத்து வெளிக்கிடுறத்துக்கு எனக்கு ஒரு இடம் இரிந்தா நல்லம், சேர்” என்றார் ஒருநாள். “நான் செய்யிறத்துக்கு ஒரு வேலைப் பேர் இரிக்கு எண்டு இவ்வளவு நாளும் தெரியா. வீட்டில, ஆஸ்பத்திரியில வேல எண்டு சொல்லலாம். பொய்யும் இல்லயே.”

விண்ணப்பத்தில் முதல் தடவையாகத் தன் உண்மையான பெயரையும் விலாசத்தையும் எழுதித் தந்தார். எழுதும்போது பேனை இரண்டு தடவை நின்றது. வாங்கி லாச்சியில் வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

நேர்முக நாள் ஒரு கூத்து. வந்தவர்களில் முக்கால்வாசி வேலையில்லாப் பட்டதாரிகள். ஒருவருக்கு ஏ.எல். ரிசல்ட் வந்த நாளில் இருந்து டிப்ரஷனாம். இன்னொருவர் ஓர் அரசியல்வாதியிடம் கடிதம் வாங்கி வந்திருந்தார், மேற்படி நபர் மனநோயால் பாதிக்கப்பட்டவர் என்பதைத் தான் நன்கு அறிவதாக. அதற்கு எதிர்மாறாக, எங்கள் வாட்டில் இரண்டு தடவை கிடந்த ஒருவர் நல்ல சேட் போட்டுக்கொண்டு வந்து, “அல்ஹம்துலில்லாஹ், எனக்கு வாழ்க்கையில ஒரு வருத்தமும் வந்தது கிடையா” என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். எந்த வேலைக்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டார், பாவம். வருடக் கணக்காக அப்படியே சொல்லிப் பழகிய வாய். கொழும்பு மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நாவிதன்வெளிக் கிளாக்கர் அன்று வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம். பதிலுக்கு வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தார், சிரித்த முகம். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இருபத்துநாலு வருடம் இந்தக் கரையோரத்தில் வேலை செய்தவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

அவர் உள்ளே வந்ததும் அந்தக் கிளாக்கர் எழும்பி சலாம் சொன்னார்.

“நீங்களா? வாங்க, வாங்க, இரிங்க!” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “எங்கட காக்காட மகனுக்கு இவங்கட மகளத்தான் பேசியிரிக்கம். இன்னும் மூண்டு மாசத்தில கலியாணம்” என்றார். அந்த மனிதரில் ஒரு குற்றமும் இல்லை. அண்ணனின் சம்பந்தி வீட்டு ஆளைக் கண்ட சந்தோசம்.

நான் என் முன்னால் இருந்த விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சலாத்துக்குப் பதில் சொல்லி, கதிரையில் அமர்ந்து, ஹபாயாவைச் சரிசெய்துகொண்டார்.

“உங்களுக்கு என்ன வருத்தம் இருந்தது, எத்தனை வருடமாக?” என்று மேடம் கேட்டார்.

“எனக்கு இல்ல. என்ட சாச்சிட மகளுக்கு இரிந்த. நான்தான் வெச்சுப் பார்த்த.”

டொக்டர் அவரைச் சொல்லச் சொன்னார். அவர் சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாததை எல்லாம் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“முதல்ல நித்திர போச்சு அவக்கு. பொறகு ஆணம் காச்சக்குள்ள சட்டிக்குள்ள இரிந்து ஆக்கள் கதைக்கிற மாதிரி. அது இல்ல எண்டு அவட புத்திக்குத் தெரியும், காதுக்குத் தெரியா. எல்லாரும் வந்து பயப்படாத, பயப்படாத எண்டுவாங்க. அது சொல்லக் கூடா. சொன்னா, பயப்பிட என்னமோ இரிக்கு எண்டுதான் படும். பக்கத்தில இரிந்து சும்மா கீரை ஆயணும். கேட்டா மட்டும் கதைக்கணும். அவ ஒருநாள் தன்ட புள்ளயையே ஆரெண்டு தெரியாமப் பார்த்தா. அந்தப் புள்ள அழல்ல. அவட கையப் பிடிச்சுக்கொண்டு இரிந்திச்சு. அண்டைக்குத்தான் குளிசைய ஒழுங்காக் குடிக்க வெளிக்கிட்டா.”

கிளாக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“பாவம்” என்றார். “இப்ப எப்பிடி அவ?”

“இரிக்கா” என்றார் அவர்.

மேடம் என் பக்கம் சாய்ந்தார். “இவ்வளவு பேரில் இவர்தான் சரியான ஆள். ஆனால் சொந்த அனுபவம் இல்லாமல் எடுக்க விதியில்லை. உண்மையாகவே இல்லையா? உங்கள் கிளினிக் ஆளா? ஆம் என்று நீங்கள் சொன்னால் இப்போதே முடிவு செய்துவிடலாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவரைத் தவிர. அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்றால் வேலை அவருக்கு. அந்த ஓம் கிளாக்கரின் பேனையால் இறங்கி, பின்னேரத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும்.

“இல்லை” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்பவைக்கும் அவசரத்தில், “இவவ நான் இதுக்கு முதல் கண்டதே இல்லை” என்றேன்.

கிளாக்கர் அப்படியே எழுதினார். மனநலச் சிகிச்சை பெற்றவர் அல்லர் என்றும் முன்னர் இவரைக் கண்டதில்லை என்றும் உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினார். நான் கையெழுத்து வைத்தேன். அவர் எல்லோருக்கும் பொதுவாகச் சலாம் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அன்று பின்னேரம் நான் என்னை மெச்சிக்கொண்டேன். ஒரு பிள்ளையின் கலியாணத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னேன். வேலை ஒரு பட்டதாரிப் பையனுக்குப் போனது. நல்ல பிள்ளைதான். மூன்றாம் மாதம் ஆசிரியர் நியமனம் கிடைத்துப் போய்விட்டான்.

அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவை. வராதவரைத் தேடிப்போவது என் கடமை. பொய் விலாசத்தை வைத்துக்கொண்டு பதினொரு வருடம் இருந்தேன், இப்போது உண்மையான விலாசம் கையில் இருக்கிறது, போக முடியாது. என் மோட்டார் சைக்கிள் எந்த வளவுக்குள் நுழைந்தாலும் அந்த வீட்டுக்கு என்ன என்று ஊர் கேட்கும். கடைசியில் மருதமுனைப் பிள்ளையைக் கூப்பிட்டேன். ஒரு மாதக் குளிசையைக் கொடுத்தேன். அவள் சாரன் மூட்டைக்குள் வைத்து, துணி விற்கிறவளாக அந்த ஒழுங்கைக்குப் போனாள்.

“நல்லா இரிக்காவாம். கலியாண வேலயாம். குளிசைய எடுத்தா. ரெண்டு சாரனும் வாங்கினா” என்று வந்து சொன்னாள்.

இரண்டாம் மாதம் போனவள் குளிசைப் பக்கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். போன மாதத்தையதும் சேர்த்து, இரண்டு பக்கட். இரண்டும் உடைக்கப்படவில்லை.

“இனி அனுப்பவும் வேணாமாம், கிளினிக்குக்கும் வரமாட்டாவாம்.”

“ஏன்? நான் அவவுக்காகத்தானே அப்பிடிச் சொன்னன்?”

“அதுதானாம் சேர். ‘சேர் என்னக் கண்டதே இல்ல எண்டு சொல்லிக் கையெழுத்து வெச்சிரிக்கார். அந்தக் கிளாக்கர் இப்ப கிழமைக்கு ரெண்டு தரம் எங்கட வீட்டில. நான் ஒருநாள் அந்த வாங்கில இரிந்து அவர்ட கண்ணில பட்டாலும், இந்தக் குளிசை பட்டாலும், சேர் பொய் சொன்ன எண்டு வந்திடும். என்ட வருத்தத்த நான் எங்கயும் ஒளிச்சுக்குவன். சேர்ட வேலைக்கு ஒண்டும் ஆகக் கூடா’ எண்டு சொன்னா.”

அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், ஊர், வாங்கு, கையெழுத்து, எதையும் விடவில்லை. அவர் வயதில் சின்னவர். என்னைத் திட்டவில்லை. மட்டக்களப்பு மனநலக் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எழுதினார், மருந்து விபரம் முழுவதும் போட்டு, பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டார்.

“அவ விரும்பின பேரப் போடட்டும்” என்றார்.

மருதமுனைப் பிள்ளை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி மடித்து வைத்தாராம். கலியாணம் சிறப்பாக நடந்தது என்று கிளாக்கர் சொல்லிக் கேள்விப்பட்டேன். சம்பந்திப் பெண் சரியாக மெலிந்துபோனார், நித்திரை இல்லைப் போல, கலியாண அலைச்சல்தானே என்று கிளாக்கரே சொன்னார். மட்டக்களப்புக்கு அவர் போனாரா, போனால் என்ன பெயரில் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் வழியில்லை.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. என் வேலைக்கு இன்று வரை ஒன்றும் ஆகவில்லை.